ஸஹ்ராவியின் பதினான்கு சுரண்டிகள்: பல்லும் ஈறும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இஸ்லாமிய நாகரிகம் உலகுக்கு அளித்த அறிவியல் கொடைகளைப் பட்டியலிடும் நூல்களிலும் மேடைகளிலும் அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவியின் பெயர் தவறாமல் இடம்பெறுகின்றது. அறுவை மருத்துவத்தின் தந்தை என்கின்றோம். ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படம் வரைந்து விளக்கியவர் என்கின்றோம். அத்துடன் அடுத்த பெயருக்குச் சென்றுவிடுகின்றோம். அவர் எழுதியது என்ன என்று நூலை விரித்துப் பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே. எனவே அவருடைய மாபெரும் நூலிலிருந்து ஒரு சிறு அத்தியாயத்தை மட்டும் எடுத்து, அதன் அருகே நம் காலத்து வாயையும் வைத்துப் பார்க்க முனைகின்றோம். பற்களின் மீது படிவதைச் சுரண்டி எடுப்பது பற்றிய அத்தியாயம் அது.

ஸஹ்ராவி 936ஆம் ஆண்டையொட்டி, குர்துபா நகருக்கு அருகிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர். 1013இல் மறைந்தார். அந்த அரண்மனை நகரம் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டு அழிந்ததும் அவருடைய இறுதி ஆண்டுகளில்தான். அவர் விட்டுச் சென்ற ‘அத்தஸ்ரீஃப்’ எனும் நூல் முப்பது பகுதிகளைக் கொண்டது. முப்பதாம் பகுதி அறுவைக்கு உரியது. சூடு போடுதல், கத்தி வைத்தல், எலும்பு பொருத்துதல் என அது மூன்று பாபுகளாக அமைந்துள்ளது. இரண்டாம் பாபில் தலையிலிருந்து கீழிறங்கி வரும் ஆசிரியர், வாயை அடைந்ததும் ஈற்றில் வளரும் சதை, பல் சுரண்டல், பல் பிடுங்கல், உடைந்த வேரை எடுத்தல், ஆடும் பல்லைக் கம்பியால் கட்டுதல் என்று வரிசையாகச் சொல்லிச் செல்கின்றார்.

சுரண்டல் அத்தியாயம் சுருக்கமானது. பற்களின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் ஈறுகளின் இடையிலும் சொரசொரப்பான, அருவருப்பான செதில்கள் சேர்வதுண்டு. அவை கறுத்தும் மஞ்சளித்தும் பச்சையாகவும் மாறும். அதன் கேடு ஈற்றையும் சென்று தாக்கும் என்று தொடங்குகின்றார். நோயாளியைத் தம் முன் அமரவைத்து, அவர் தலையைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டு, செதிலும் மணல் போன்ற பொருளும் தென்படும் பல்லைச் சற்றும் மிச்சமின்றிச் சுரண்டுமாறு மருத்துவருக்குக் கூறுகின்றார். முதல் நாளில் போய்விட்டால் நல்லது. போகாவிட்டால் மறுநாளும், அதற்கு மறுநாளும் தொடரவேண்டும். பிறகுதான் கருவிகளுக்கு வருகின்றார். பல்லின் உட்புறத்தைச் சுரண்டும் கருவி வெளிப்புறத்திற்கு உதவாது. இரண்டு பற்களின் இடுக்குக்கு வேறொன்று வேண்டும். எனவே பல வடிவங்களில் பதினான்கு சுரண்டிகள் படமாகத் தரப்படுகின்றன. இக்காலப் பல்மருத்துவரின் தட்டில் கிடக்கும் கைக்கருவிகளை இப்படங்களுடன் ஒப்பிடுவோர், வளைவுகளுக்கான காரணம் ஒன்றே என்பதை எளிதில் உணர்வர்.

இவை யாவும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட நமக்கு ஆசைதான். ஆயினும் அது நேர்மையாகாது. ஏழாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஏகினாவின் பவுல், பல்லில் படியும் செதிலைச் சுரண்டியோ அராவியோ எடுப்பதைச் சுருக்கமாகக் குறித்திருக்கின்றார். அரபியில் பெயர்க்கப்பட்டிருந்த பவுலின் நூலுக்கு ஸஹ்ராவி பெரிதும் கடன்பட்டவர். முன்னோர் ஒரு வரியில் விட்டதை முறையாக்கி, நோயாளி அமரும் விதம், திரும்ப வரவேண்டிய நாள், கருவியின் வளைவு என்று கற்பிக்கத்தக்க ஒரு கலையாக மாற்றியதே அவருடைய பங்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலிடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அறுவைப் பகுதியை லத்தீனில் பெயர்த்தார். 1497இல் வெனிஸில் அது அச்சேறியது. 1465இல் அனதோலியாவின் அமாஸ்யா நகர மருத்துவர் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுவோக்லு அதைத் துருக்கியில் தழுவி எழுதியபோது, கருவிகளுடன் சிகிச்சைக் காட்சிகளையும் வண்ணத்தில் தீட்டினார்.

அவர் ‘செதில்’ என்றதை நாம் பற்காரை என்கின்றோம். பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திற்குள்ளாகவே அதன்மேல் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்குகின்றன. நாவால் தடவினால் வழவழப்பாகத் தெரியும் அப்படலம் மென்மையாக இருக்கும்வரை ஒரு குச்சியோ பிரஷ்ஷோ அதை அகற்றிவிடும். விட்டுவைத்தால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, சில நாட்களில் அது கல்லாக இறுகத் தொடங்கும். அதன்பின் எந்தத் துலக்கலுக்கும் அது அசையாது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறக்கும் இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும், காரை மிகுதியாகப் படிவதற்குக் காரணமும் இதுவே. அதன் சொரசொரப்பின் மீது புதிய படலம் எளிதாகத் தங்கும். அருகிலுள்ள ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். இது முதற்கட்டம். கவனியாது விட்டால் அழற்சி உள்ளிறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளர்வதில்லை. இவ்வளவும் பெரிய வலி ஏதுமின்றி, ஆண்டுக்கணக்கில் நடந்தேறும். சொத்தை வலித்து எச்சரிக்கும். ஈறு நோய் அந்த உதவியைக்கூடச் செய்வதில்லை.

முதற்கட்டம் மீளத்தக்கது என்பதை 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோவும் அவருடைய தோழர்களும் நிறுவினர். பெரும்பாலும் பல்மருத்துவ மாணவர்களான பன்னிரண்டு பேர், பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்திக்கொண்டனர். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் பன்னிருவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். ஈற்றில் இரத்தம் கண்டவுடன், புண் ஆறட்டும் என்று அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகின்றனர். கசிவது துலக்கியதால் அன்று, துலக்காததால். அவ்விடத்தையே மென்மையாக, ஆனால் விடாது தூய்மை செய்வதுதான் மருந்து.

இதனினும் பெரிய தீங்கு செய்யும் நம்பிக்கை மற்றொன்று உண்டு. மருத்துவரிடம் சென்று பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் காணும், இடைவெளி விழும், எனாமல் போய்விடும் என்று படித்தவர்களும் பேசக் கேட்கின்றோம். இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. ஒரு காட்சியைத் தவறாகப் பொருள்கொண்டதன் விளைவு. எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்துவிட்ட பற்களை, இடுக்குகளில் இறுகிய காரை சாந்து போல ஒட்டிப் பிடித்திருக்கும். அதை நீக்கியதும் மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படும். அடைபட்டிருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் வேர்ப்பகுதி சில நாட்கள் கூசும். இடிந்த சுவரை மூடியிருந்த புதரை வெட்டியவன்மீது சுவரை இடித்த பழியைச் சுமத்துவது போன்றதே இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில், ஈற்றைக் காக்கவேண்டி, மிச்சமின்றிச் சுரண்டு என்று எழுதிவைத்த ஒருவரை முன்னோராகக் கொண்டாடும் சமுதாயம், அச்சுரண்டலுக்கே அஞ்சி நிற்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

பல் பிடுங்குவதைப் பற்றிய அடுத்த அத்தியாயத்தில் அவருடைய தொனி மாறுகின்றது. பல் உயர்ந்ததொரு பொருள். போனால் அதனிடத்தில் வைக்க வேறில்லை. எனவே எல்லா வழியிலும் சிகிச்சை செய்து, பிடுங்குவதைத் தள்ளிப்போடவேண்டும் என்கின்றார். நோயாளி வற்புறுத்தினாலும், வலிப்பது எந்தப் பல் என்று உறுதிசெய்யாமல் கைவைக்கக் கூடாது. வலி நோயாளியை ஏமாற்றும். நல்ல பல்லைக் காட்டுவார். அதைப் பிடுங்கிய பின்னும் வலி நிற்காது. நாவிதர்கள் கையில் இது பலமுறை நடக்கக் கண்டதாகவும், தாடை எலும்பையே பெயர்த்துவிடுவோர் உண்டென்றும் கடிந்து எழுதுகின்றார். தாடையில் வலி இடம் மாறித் தோன்றுவதை இன்றைய மருத்துவரும் நன்கறிவர். வேர் சிகிச்சை செய்து காப்பாற்றத்தக்க பல்லை, செலவும் அலைச்சலும் கருதிப் பிடுங்கிவிடச் சொல்வோர் இன்றும் நம்மிடையே உளர். ஆடும் பல்லைக் கட்டுவதற்கு வெள்ளிக் கம்பியைவிடப் பொன் கம்பியே ஏற்றது, வெள்ளி நாளடைவில் பச்சை பூத்துக் கெடும் என்ற அவருடைய குறிப்பும், விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் செதுக்கி வைக்கலாம் என்ற யோசனையும், ஒரு பல்லை இழப்பதை அவர் எவ்வளவு பெரிதாக எண்ணினார் என்பதைக் காட்டுகின்றன.

பல்லில் குழி விழுவது ஏன் என்ற கேள்விக்கு அக்காலத்தில் சரியான விடை இல்லை. பல்லுக்குள் புழு இருந்து அரிக்கின்றது என்ற எண்ணம் பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே காணப்படுகின்றது. மருத்துவ மேதை இப்னு ஸீனாவின் (இறப்பு 1037) ‘அல்கானூன்’ நூலிலும் பல்புழுவைப் போக்கக் குரோசாணி ஓமம் முதலிய விதைகளின் புகை கூறப்பட்டுள்ளது. நம் நாட்டில் இதே வேலையைக் கண்டங்கத்திரி விதை செய்து வந்திருக்கின்றது. விதையைத் தணலிலிட்டுப் புகையை வாயில் பிடித்தபின் கீழே விழுந்து கிடக்கும் வெண்ணிற ‘புழுக்கள்’, வெப்பத்தில் வெடித்து வெளிவந்த விதையின் முளைக்கருவே. புகை வலியைச் சற்று மரக்கச் செய்யலாம். குழி அப்படியே இருக்கும்.

இங்கு நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கவர், புகழ்பெற்ற மருத்துவர் எவருமல்லர். திமிஷ்கைச் சேர்ந்த அப்துர் ரஹீம் அல்ஜவ்பரி என்பார் பதின்மூன்றாம் நூற்றாண்டில், போலிகளின் தந்திரங்களை அம்பலப்படுத்துவதற்கென்றே ‘கஷ்ஃபுல் அஸ்ரார்’ எனும் நூலை இயற்றினார். போலி ஸூஃபிகள், இரசவாதிகள், தெரு வைத்தியர்கள் எனப் பலரும் சிக்கும் அந்நூலில், பல்லிலிருந்து புழு எடுப்போரும் தப்பவில்லை. புழு வாயிலிருந்து வருவதில்லை, கையிலிருந்து வாய்க்குப் போகின்றது என்பதே அவர் அவிழ்த்த முடிச்சு. பாரிஸில் பியேர் ஃபோஷார் தம் பல்மருத்துவ நூலில் இப்புழுவை மறுத்து எழுதியது 1728இல்தான். இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் நாம், ஜவ்பரியின் பெயரையும் அருகில் சேர்த்துக்கொள்வது நல்லது. பெரியவர் சொன்னதாயினும் கண்ணால் கண்டு சோதிக்கும் குணமும் நம் மரபைச் சேர்ந்ததுதான்.

புழு இல்லையெனினும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு. 1683இல் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் தம் பல்லிடுக்கு அழுக்கை உருப்பெருக்கியில் வைத்து நோக்கி, அசையும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவை இனிப்பையும் மாவையும் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கின்றது என்பதை 1890இல் வெளியான நூலில் டபிள்யூ.டி. மில்லர் விளக்கினார். கரும்பையும் சர்க்கரை காய்ச்சும் கலையையும் ஸிஸிலிக்கும் அந்தலூஸுக்கும் கொண்டு சேர்த்தவர்கள் அரபு முஸ்லிம்கள் என்பதையும் இவ்விடத்தில் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்! எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு முறையும் அமிலத் தாக்குதல் அரை மணி நேரம்வரை நீடிக்கும். நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சர்க்கரைத் தேநீர் அருந்துவது, விருந்தில் ஒரு முறை இனிப்பு உண்பதைவிடக் கேடானது.

இனி மிஸ்வாக். இதன் சிறப்பைக் கூறும் ஹதீஸ்கள் நம் வாசகர்கள் அறிந்தவையே. உம்மத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாவிடில் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறியதும், இரவில் எழுந்ததும் அதனால் வாயைத் துலக்கியதும், இறுதி வேளையில் அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்ர் (ரலி) அவர்களின் கையிலிருந்த குச்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததும் ஸஹீஹான ஏடுகளில் உள்ளன. நாம் கவனிக்க விரும்புவது, இவற்றிலிருந்து ஃபுகஹாக்கள் சட்டம் வகுத்த விதத்தை.

தென்னிந்திய ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முயீன்’, பதினாறாம் நூற்றாண்டில் மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் இயற்றியது. அழுக்கை நீக்கும் சொரசொரப்பான எப்பொருளாலும், துணியாயினும் உஷ்னான் செடியாயினும், இந்த ஸுன்னத் நிறைவேறும் என்கின்றது அந்நூல். குச்சி மேலானது, குச்சிகளுள் அராக் மிகச் சிறந்தது. தன் விரலால் தேய்ப்பது போதாது என்றும், இமாம் நவவீ (ரஹ்) இதில் வேறு கருத்துடையவர் என்றும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. இப்பாடம் வரும்போதெல்லாம் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் இதில் அடங்குமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சொரசொரப்பு, நீக்கும் தன்மை என்ற இரு நிபந்தனைகளிலேயே விடை உள்ளது. பல்லின் வெளிப்புறமும் உட்புறமும் இரண்டும் துலக்கப்படவேண்டும், நாவும் தேய்க்கப்படவேண்டும், பல்லிடுக்கிலுள்ள உணவுத் துணுக்கு அகற்றப்படவேண்டும் என்பனவும் அங்கேயே உள்ளன. முன்பற்களில் மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் குச்சியைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வோர், இந்த வரிகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஈற்றில் இரத்தம் வரும் என்பதால் அதை வெறுத்து, குறுக்கே தேய்க்கச் சொன்னார்கள் ஃபுகஹாக்கள். இன்றைய மருத்துவர்கள் அழுத்திக் குறுக்கே தேய்ப்பதையும் விலக்கி, தூரிகையின் இழைகளை ஈற்றோரத்தில் சாய்த்து வைத்துச் சிறு அசைவுகளால் துலக்கச் சொல்கின்றனர். முறை வேறுபடினும் ஈற்றைப் புண்படுத்தக் கூடாது என்ற அக்கறையில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். மிஸ்வாக்கை அளவுக்கு மீறித் தேய்த்தால் பல்லின் பொலிவும் வழவழப்பும் கெட்டு அழுக்கு பற்ற ஏதுவாகும் என்றும், இன்னதென்று தெரியாத மரத்தின் குச்சி நஞ்சாகலாம் என்றும் இப்னுல் கய்யிம் (ரஹ், இறப்பு 1350) எச்சரித்தார்கள். குச்சியை முரட்டுத்தனமாகப் பயன்படுத்துவோரிடம் ஈறு கீழிறங்கியிருப்பதை இக்கால ஆய்வாளர்களும் கண்டுள்ளனர். அராக் மரத்தைத் தமிழ் உகாய் என்று அழைக்கின்றது. நம் கடற்கரை உவர் நிலங்களிலும் அது வளர்கின்றது. கிருமிகளைத் தடுக்கும் காரப் பொருள் அதில் உண்மையாகவே உண்டு. ஆயினும் நுனி காய்ந்து கட்டையாகிப்போன குச்சியில் அப்பயனை எதிர்பார்க்க முடியாது. அவ்வப்போது நுனியை வெட்டி, நனைத்து, புதிதாக மெல்லவேண்டும். ஃபுளூரைடு கலந்த பேஸ்ட்டால் இரவில் உறங்குமுன் துலக்குவதற்கு அது மாற்றன்று. உளூவின்போது அதனுடன் சேர்ந்து பயன்படுத்தத் தக்கது.

துலக்கிய வாயில் மீண்டும் எதை இடுகின்றோம் என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி. 1344ஐ ஒட்டி மஅபர் கரையில் இறங்கி மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, வெற்றிலை வாயை மணக்கச் செய்வதையும், அதை அளிப்பது நம் நாட்டில் பெரும் மரியாதையாகக் கருதப்பட்டதையும் வியந்து எழுதினார். நம் நிக்காஹ் மஜ்லிஸ்களில் அம்மரியாதை நெடுங்காலம் தொடர்ந்தது. ஆனால் அவர் கண்ட தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் பிந்தி. புகையிலையின்றிப் பாக்கு மட்டுமே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் அறிவித்தது. பாக்கு வாயின் உட்தோலை இறுக்கி, நாளடைவில் வாயைத் திறக்க முடியாத நிலைக்குக் கொண்டுவரும். புகையிலையோ ஈற்றின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, நோய் முற்றும்வரை இரத்தக் கசிவைக்கூட மறைத்துவிடும். மணக்க மணக்க மென்றவருடைய ஈறு நலமாகத் தோன்றுவது இந்த மறைப்பினாலும் இருக்கலாம்.

நீரிழிவுக்காரர்கள் தனியே அறியவேண்டியது ஒன்று. சர்க்கரை கட்டுப்படாதபோது ஈறு நோய் விரைந்து முற்றுகின்றது. முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகின்றது. ஈற்றுக்குச் சிகிச்சை செய்தபின் இரத்தச் சர்க்கரை ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காலுக்கும் கண்ணுக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ளும் நம் பெரியவர்கள் வாயையும் அக்கணக்கில் சேர்க்கவேண்டும்.

ரமளானில் பல்வலி வந்தால் என்ன செய்வது என்று நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகின்றது. நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபல கருத்தில் மக்ரூஹ். ஹனஃபி மத்ஹபில் அத்தடை இல்லை. நவவீ (ரஹ்) அவர்களும் ‘அல்மஜ்மூஉ’ நூலில் மக்ரூஹ் இல்லை என்பதையே தேர்ந்தார்கள். சிகிச்சையைப் பொறுத்தவரை, 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தன் பத்தாம் அமர்வில், பல்லைக் குடைதல், பிடுங்குதல், சுத்தம் செய்தல் ஆகியவற்றால் நோன்பு முறியாது என்று முடிவு செய்தது. தொண்டைக்குச் செல்வதை விழுங்காமல் தவிர்க்கவேண்டும் என்பது அதற்குரிய நிபந்தனை. இரத்தம் கசியக்கூடிய சுரண்டல் சிகிச்சைக்கு இஃப்தாருக்குப் பிந்திய நேரமோ, அதனினும் மேலாக ஷஅபான் மாதமோ பேணுதலானது. வலி கடுமையாக இருப்பவர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.